கணித ஏட்டில் ஒரு ருஷிய எழுத்து

எண்ணையும் எழுத்தையும் அறிவின் இரு கண்களெனப் போற்றியது நம் மரபு. அவ்விரு கண்களும் ஒரே பொருளை நோக்கும் இடம் இயற்கணிதம். அங்கே எழுத்து சொல்லின் உறுப்பாக நில்லாமல், இன்னும் அறியப்படாத ஓர் எண்ணுக்கோ, கண்ணாற் காணவியலாத ஒரு கருத்துக்கோ பெயராகி நிற்கின்றது. எழுத்தின் வரலாறு என்றவுடன் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலையையும் தேடிச் செல்லும் இலக்கிய அன்பர்கள், கணிதச் சூத்திரத்தில் வழங்கும் எழுத்துகளின் வரலாற்றை ஏனோ பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதுவும் சுவை மிக்கதொரு வரலாறேயாகும்.

நம் பிள்ளைகளின் கணித நூல் ஒன்றை விரித்துப் பார்த்தால் இலத்தீன் எழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் நிறைந்திருக்கக் காணலாம். மேற்படிப்பு நூல்களில் ஜெர்மானியரின் பழைய முறுக்கெழுத்துகள் வந்து சேரும். முடிவிலியை அளக்கும் பகுதியில் எபிரேய மொழியின் முதலெழுத்தாகிய ஆலெஃப் காட்சி தரும். ஆனால் செபிஷெவ், லோபசேவ்ஸ்கி, கோல்மொகோரோவ் எனக் கணித மேதைகளை வரிசையாக ஈன்ற ருஷிய நாட்டின் எழுத்தோ அங்கே அரிதினும் அரிது. நிலைபெற்று உலகெங்கும் வழங்குவது ஒன்றே ஒன்றுதான் எனலாம். அது 'ஷா' என்னும் எழுத்து. அதையும் சூத்திரத்தில் ஏற்றியவர் ருஷியர் அல்லர், ஓர் ஆங்கிலேயர். இது எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் மலரில் தமிழெழுத்தே நிற்கட்டும் என்று கருதி, அயலெழுத்துகளை இங்கு வரைந்து காட்டாமல் சொல்லாலேயே விவரிக்கின்றேன். 'ஷா' என்பதை மனக்கண்ணிற் காண்பது எளிது. மூன்று செங்குத்துக் கோடுகள். அவற்றை அடியில் இணைக்கும் ஒரு கிடைக்கோடு. பற்கள் மேல்நோக்கிய சீப்பு என்றும் சொல்லலாம். நம் 'ய'கரத்தை வளைவின்றி நேர்கோடுகளால் மட்டுமே எழுதினால் ஏறத்தாழ அவ்வுரு வந்துவிடும்.

இவ்வெழுத்தின் பிறப்பைச் சற்று நோக்குவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தோர் இருவர் சிலாவிய மக்களிடையே சமயப்பணி ஆற்றச் சென்றனர். அம்மக்களின் மொழிக்கு அவர்கள் அமைத்தது கிலகோலிதிக் என்னும் வேறோர் எழுத்து முறை. சிரிலின் பெயரால் இன்று வழங்கும் சிரில்லிக், அவர்களுடைய மாணாக்கர் வழியில் பல்கேரிய நாட்டில் கிரேக்க எழுத்தை அடியொற்றி உருவானது. ஆனால் சிலாவிய மொழியில் உள்ள 'ஷ' ஒலி கிரேக்கத்தில் இல்லை. இல்லாத ஒலிக்கு எழுத்தை வேறிடத்திலிருந்துதானே பெறவேண்டும்? எபிரேயத்தின் 'ஷின்' என்னும் எழுத்திலிருந்து 'ஷா' பிறந்திருக்கலாம் என்று எழுத்தியல் அறிஞர் பலர் கருதுவர். வடசொற்களை எழுதுதற்பொருட்டு நாமும் இதே ஒலிக்குக் கிரந்தத்திலிருந்து ஓர் எழுத்தை இரவல் பெற்றோம் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

இன்னொரு செய்தியும் நமக்குப் பழக்கமானதே. 'க' என்றால் ஒன்று, 'உ' என்றால் இரண்டு, 'ரு' என்றால் ஐந்து என்று தமிழில் எழுத்துருவே எண்ணுருவாகவும் வழங்கியதைப் போல, பழைய சிரில்லிக்கிலும் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ஆயினும் அம்மதிப்பு கிரேக்கத்திலிருந்து வந்ததாகலின், கிரேக்கத்தில் இல்லாத 'ஷா'வுக்கு எண் மதிப்பே கிடையாது. எண்ணாக நிற்கும் பேறு வாய்க்காத அவ்வெழுத்தே, ஆயிரம் ஆண்டு கழித்து எண் கோட்பாட்டின் ஆழமான பகுதியொன்றுக்குப் பெயராயிற்று.

ருஷியர்கள் தம் கணிதத்தைத் தம் எழுத்தால் எழுதவில்லையா என்று கேட்கலாம். உரைநடையைத் தம் எழுத்தில் எழுதினர், சூத்திரத்தை எழுதவில்லை. 1703-இல் மக்னீத்ஸ்கி இயற்றிய எண்கணித நூல் சிலாவிய எழுத்தில் அச்சாயிற்று. எனினும் கணக்குகள் இன்றைய எண்ணுருக்களிலேயே அமைந்தன. மாமன்னர் பீட்டர் 1708 முதல் 1710 வரையில் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார். சமய நூல்களுக்குப் பழைய எழுத்து, உலகியல் நூல்களுக்குப் புதிய எழுத்து என்று பிரித்து, புதியதன் உருவத்தை இயன்றவரை இலத்தீன் எழுத்தின் சாயலுக்குக் கொண்டுவந்தார். 1724-இல் அவர் அறிவியல் கழகத்தை நிறுவியபோது, அங்கே பணியாற்ற ஐரோப்பாவின் பல பகுதிகளினின்றும் அறிஞர் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் தலையாயவர் ஸ்விட்சர்லாந்து நாட்டவரான ஆய்லர். 1727-இல் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். இடையில் பெர்லினில் வாழ்ந்த காலம் நீங்கலாக, 1783-இல் மறையும் வரை அந்நகரிலேயே இருந்தார். அவர் பெரும்பாலும் எழுதியது இலத்தீனில். இன்று உலகமே வழங்கும் குறியீடுகள் பலவற்றை நிலைபெறச் செய்தவர் அவரே. இயற்கை மடக்கையின் அடியெண்ணை 'இ' என்னும் இலத்தீன் எழுத்தால் குறித்த முதல் அச்சு நூல், 1736-இல் வெளிவந்த அவருடைய இயந்திரவியல் நூல். அது பீட்டர்ஸ்பர்க்கிலேயே அச்சானது. ஆக, ருஷிய மண்ணில் முளைத்த கணிதம் தொடக்கத்திலேயே இலத்தீன் எழுத்தில் பேசக் கற்றுக்கொண்டது. இன்றும் ருஷியப் பாடநூல்களில் சூத்திரங்கள் இலத்தீன், கிரேக்க எழுத்துகளிலேயே அமைகின்றன. இயக்க ஆற்றல், உராய்வு விசை என்று வகை பிரித்துக் காட்ட அடியிற் சிறிதாக இடும் கீழ்க்குறியில் மட்டும் தாய்மொழி எழுத்து எட்டிப் பார்க்கும். நம் தமிழ்ப் பாடநூல்களிலும் உரை தமிழாகவும் சூத்திரம் இலத்தீனாகவும் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் விளைந்த வேடிக்கை ஒன்றைக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. பாஃப்னூதி செபிஷெவ் (1821–1894) பெருங்கணிதர். அவர் பெயரின் முதலெழுத்து நாலு என்னும் எண்ணுருவைப் போன்ற தோற்றமுடைய 'சே' என்னும் ருஷிய எழுத்து. நம் வல்லின இரட்டைச் சகரத்தின் ஒலி அதற்கு. அந்த ஒலியைக் காட்டப் பிரெஞ்சுக்காரர் முன்னால் ஒரு 'டி'யைச் சேர்த்து எழுதுவர், ஜெர்மானியரும் அவ்வாறே. செபிஷெவ் தாமே பல ஆய்வுகளைப் பிரெஞ்சில் வெளியிட்டவர். தம் பெயர் பெற்ற பல்லுறுப்புக்கோவைகளுக்கு வித்திட்ட இயந்திர இணைப்புகள் பற்றிய கட்டுரையையும் 1854-இல் பிரெஞ்சிலேயே வெளியிட்டார். முடிவு என்னவெனில், செபிஷெவின் பல்லுறுப்புக்கோவைகளுக்கு உலகெங்கும் குறியீடு 'டி'. ஆங்கிலத்தில் அவர் பெயரை இன்று எழுதும் முறையில் 'டி' இல்லவே இல்லை. ருஷிய மொழியில் என்றுமே இருந்ததில்லை. ஆயினும் மாஸ்கோவில் அச்சாகும் நூலிலும் அவருக்கு அடையாளம் இலத்தீன் 'டி'யே. பிறமொழியார் பெயரை ஒலித்த வாயின் வடு அது.

ருஷிய எழுத்து சூத்திரத்தில் ஏறாமைக்கு வரலாறு மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. எழுத்தின் உருவமும் ஒரு காரணம். என் கருத்தில் அதுவே வலிமையான காரணம். கணிதர் புதிய எழுத்தைத் தேடுவது பழைய எழுத்தோடு குழம்பாத ஒரு குறியை வேண்டித்தான். ருஷிய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள். அவற்றின் பெரிய வடிவங்களுள் ஏறத்தாழ ஒரு பன்னிரண்டு இலத்தீன் எழுத்துகளின் உருவத்தையே கொண்டவை. ஒலி வேறு, உருவம் ஒன்று. வேறு சில கிரேக்கத்தின் காமா, பை, ஃபை ஆகியவற்றின் அச்சே. எஞ்சியவற்றுள் ஒன்று மூன்று என்னும் எண்ணுருவைப் போலவும், ஒன்று நாலைப் போலவும், ஒன்றன் சிறிய வடிவம் ஆறைப் போலவும் இருக்கும். கணக்கில் இவற்றை நுழைத்தால் கணக்கே பிழைத்துவிடும். மாறிகளைச் சாய்வெழுத்தில் இடுவது கணித அச்சின் மரபு. அம்மரபுப்படி ருஷியச் சிற்றெழுத்துகளைச் சாய்த்தாலோ, 'தே' என்னும் எழுத்து இலத்தீன் 'எம்' ஆகிவிடும். 'பெ' என்பது 'என்' ஆகும். 'இ' என்பது 'யூ' ஆகும். இத்தனையும் கழித்த பின்னர், எதனோடும் குழம்பாமல் தனித்து நிற்பவை கைவிரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றுள்ளும் எழுதுதற்கு எளிதாய், கரும்பலகையில் சட்டென்று போடத்தக்கதாய் இருப்பது 'ஷா'.

இனி அச்சுக்கூடத்துக்குள் நுழைவோம். ஈய எழுத்தின் காலத்தில் கணிதம் கோப்பதென்பது அச்சுத் தொழிலின் மிகக் கடினமான பகுதி. சாதாரண உரைநடையில் எழுத்துகள் ஒரே வரியில் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். சூத்திரத்திலோ மேல்குறியும் கீழ்க்குறியும் பின்னமும் மூலக்குறியும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிற்கவேண்டும். ஒவ்வொன்றையும் தாங்கி நிற்க இடைவெளிக் கட்டைகள் வைக்கவேண்டும். மோனோடைப் இயந்திரம் வந்த பின்னரும் இத்தொல்லை முற்றும் தீரவில்லை. எழுத்து வார்க்கும் அச்சுகளை அடுக்கி வைத்த சிறு சட்டகம் ஒன்று அவ்வியந்திரத்தில் உண்டு. முதலில் அதில் 225 இடங்களும், பின்னர் 255 இடங்களும், அதன்பின் 272 இடங்களும் இருந்தன. நேரெழுத்து, சாய்வெழுத்து, கிரேக்கம், எண்கள், குறிகள் என்று நிரப்பினால் இடம் தீர்ந்துவிடும். அதில் இல்லாத எழுத்து ஒன்று வேண்டுமென்றால், அதைத் தனியே வார்த்து, கோத்த பக்கத்தினுள் கையால் செருகவேண்டும். நூலாசிரியர் ஒருவர் ஓர் அயலெழுத்தை விரும்பினால் அவ்விருப்பத்துக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் பதிப்பாளர்; உழைப்பவர் அச்சுக் கோப்பவர். கணித நூல்களை அச்சிடும் முறையை மோனோடைப் நிறுவனம் 1957-இல் நான்கு வரி முறை என்னும் புதிய ஏற்பாட்டால் ஓரளவு எளிதாக்கியது. எனினும் அயலெழுத்துக்கு உரிய விலை குறையவில்லை.

இதற்கு ஆலெஃபின் கதையே தக்க சான்று. கேண்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் முடிவிலிகளுள்ளும் பெரிது சிறிது உண்டு என்று நிறுவி, அவற்றுக்குப் பெயரிட 1890-களில் எபிரேய முதலெழுத்தைத் தேர்ந்தார். இலத்தீனும் கிரேக்கமும் ஏற்கெனவே பற்பல பொருள்களுக்கு வழங்கிவிட்டன என்பது அவர் சொன்ன காரணம். புத்தம் புதிதாய் ஒரு குறியை அவர் வரையவில்லை. ஜெர்மானிய அச்சுக்கூடங்களில் எபிரேய எழுத்து ஆயத்தமாக இருந்ததும் அதற்குக் காரணமாயிற்று. கருத்து எத்துணைப் புதியதாயினும், குறியீடு அச்சுப்பெட்டியில் உள்ளதாக இருக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அவ்வெழுத்து பிற நாடுகளுக்குச் சென்றபோது, எபிரேயம் அறியாதவர் கையில் அகப்பட்டது. மோனோடைப் அச்சு ஒன்றே தலைகீழாக அமைக்கப்பட்டுவிட்டது. அதன் பயனாய்ப் பழைய கணித நூல்கள் சிலவற்றில் ஆலெஃப் தலைகீழாய் நிற்கிறது. போலந்து அறிஞர் சியெர்பின்ஸ்கி 1958-இல் வெளியிட்ட நூலில், ஒரே பக்கத்திலேயே நேராகவும் தலைகீழாகவும் அது காணப்படுகிறது. எழுத்தறியாதவர் கையிற் சிக்கிய எழுத்து என்ன பாடுபடும் என்பதற்கு, வடநாட்டில் தமிழ்ப் பெயர்ப்பலகை எழுதுவித்த அன்பர்கள் வேறு சான்று தேடவேண்டியதில்லை.

தட்டச்சுப் பொறியிலும் இதே கதை. அலுவலகத்தில் அப்பொறியோடு பழகியவர்கள், அதில் இல்லாத குறியை இடம் விட்டுப் பின்னர்ப் பேனாவால் நிரப்பிய அனுபவம் உடையவர்களே. உலகப் புகழ்பெற்ற கணித ஆய்வேடுகளும் அவ்வாறே உருவாயின. 1964-இல் தொடங்கிய ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் கணித விரிவுரை வரிசை, தட்டச்சுப் படியை அப்படியே புகைப்படமாக்கி அச்சிட்டது. 1961-இல் ஐ.பி.எம். நிறுவனம் உருண்டைத் தலையுள்ள பொறியை வெளியிட்டது. 88 எழுத்துகள் பொறித்த சிறு உருண்டை ஒன்றைக் கழற்றி, வேறோர் உருண்டையை மாட்டினால் எழுத்து மாறும். கணிதக் குறிக்கு ஓர் உருண்டை, ருஷியத்துக்கு ஓர் உருண்டை. ஒரே ஓர் எழுத்துக்காக உருண்டையைக் கழற்றி மாட்டும் பொறுமை இல்லாதவர்கள் பேனாவையே நாடினர். மூன்று கோடும் ஓர் அடிக்கோடுமாகிய 'ஷா' பேனாவுக்கு எளிது. அது பரவியதற்கு இதுவும் துணைபுரிந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

அவ்வெழுத்து எப்பொருளைக் குறிக்கின்றது என்பதை இனிச் சொல்லவேண்டும். கணிதம் பயிலாதவரும் விளங்கிக்கொள்ளலாம். 1951-இல் நார்வே நாட்டு செல்மர் ஒரு சமன்பாட்டை ஆராய்ந்தார். ஓர் எண்ணின் கனத்தைப் போல் மும்மடங்கு, இன்னோர் எண்ணின் கனத்தைப் போல் நான்மடங்கு, மற்றோர் எண்ணின் கனத்தைப் போல் ஐம்மடங்கு. மூன்றையும் கூட்டினால் சுழி வரவேண்டும். மூன்றும் சுழியாய் இருக்கும் வெற்றுத் தீர்வைத் தவிர, முழு எண்களில் இதற்குத் தீர்வே இல்லை. ஆனால் அதன் இன்மையைப் பகாஎண் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பகாஎண்ணை வைத்துச் சோதித்தாலும் தடை ஏதும் தென்படாது. மெய்யெண்களிலும் தடை இல்லை. அரசாங்கக் கோப்புகளைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஒவ்வொரு பிரிவும் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒப்பமிட்டுவிடும். ஆயினும் இறுதியில் ஆணை பிறவாது. எல்லாப் பிரிவிலும் தேறி, முடிவில் தேறாத இத்தகைய கோப்புகளைத் திரட்டி ஒரு குலமாக்கினால், அதன் அளவே இவ்வளைவரைக்கு உள்ள இடையூற்றின் அளவு. (இந்த செல்மரே நார்வே நாட்டுக் குடிமக்களின் அடையாள எண்ணில் பிழை காட்டும் சரிபார்ப்பு இலக்கங்களையும் வகுத்தவர் என்பது எம் போன்ற எழுத்தர்களுக்கு உவப்பூட்டும் செய்தி.)

அக்குலத்தை 1958-இல் லாங், டெய்ட் என்னும் இருவரும், 1959-இல் ருஷியரான இகோர் ஷஃபரேவிச்சும் ஆராய்ந்து வெளியிட்டனர். டெய்ட்–ஷஃபரேவிச் குலம் என்று பெயர் நிலைத்தது. குறியீடோ முதலில் இருவர் பெயரின் இலத்தீன் முதலெழுத்துகளாகிய 'டி', 'எஸ்' என்பன. அதற்கு முன்னரே வெய்ல், ஷாத்லே என்னும் இருவர் பெயரால் 'டபிள்யூ', 'சி' என்னும் எழுத்துகள் கொண்ட மற்றொரு குலமும் வழங்கிவந்தது. அவ்விரண்டெழுத்தும் ஆங்கிலேயர் வீடுகளில் எக்கதவின்மேல் எழுதப்பட்டிருக்கும் என்பதை அன்பர்கள் அறிவர். 'டி.எஸ்.' என்பதற்கும் அமெரிக்கக் கொச்சையில் அதற்கு ஈடான ஒரு பொருள் உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கேசல்ஸ் (1922–2015) பிற்காலத்தில் இப்பொருத்தத்தைச் சொல்லி நகைத்திருக்கிறார்.

அந்தக் கேசல்ஸே 1960-களின் தொடக்கத்தில் 'டி.எஸ்.' என்பதை நீக்கி, ஷஃபரேவிச்சின் பெயரை ருஷியர் எழுதும்போது முதலில் நிற்கும் 'ஷா'வை அங்கே அமர்த்தியவர். இம்மாற்றத்தின் பொருத்தம் பெரிது. இலத்தீன் எழுத்தில் அப்பெயரை ஆங்கிலேயர் ஒருவகையாகவும், பிரெஞ்சுக்காரர் வேறொரு வகையாகவும், ஜெர்மானியர் பிறிதொரு வகையாகவும் எழுதுவர். கேசல்ஸ் தம் 1962-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் 'எஸ்' எழுத்தின் தலைமேல் ஒரு கொக்கியிட்டு அதை எழுதினார். அன்றியும் அதே ஆராய்ச்சியில் செல்மரின் பெயரால் வேறொரு குலம் இருக்கின்றது. அவர் பெயரும் 'எஸ்' எழுத்திலேயே தொடங்குகிறது. 'ஷா'வோ எவ்வகைக் குழப்பத்துக்கும் இடம் தராது. எண்ணியல் ஆராய்ச்சிக்குத் தாம் அளித்த நிலைத்த கொடை அவ்வெழுத்தே என்று கேசல்ஸ் விளையாட்டாக எழுதினார். அது அவருடைய அடக்கம். அக்குலம் முடிவுள்ளதாயின் அதன் உறுப்புகளின் எண்ணிக்கை ஒரு முழுவர்க்கமாகவே இருக்கும் என்று நீள்வட்ட வளைவரைகளுக்கு நிறுவியவர் அவரே.

செபிஷெவுக்குக் கிடைக்காத நீதி ஷஃபரேவிச்சுக்குக் கிடைத்தது என்று நான் இதைக் கொள்கிறேன். ஒருவர் பெயரைப் பிறர் நாவுக்கு ஏற்பத் திரிக்காமல், அவர் தாய் அவரை அழைத்த ஒலிக்குரிய எழுத்தாலேயே குறிப்பது சிறு செயலன்று. தம் பெயர் ஒவ்வொரு பதிவேட்டிலும் ஒவ்வொரு வகையாய் எழுதப்படக் கண்ட வெளிமாநிலத் தமிழர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஷஃபரேவிச்சின் வாழ்க்கை நேர்கோட்டில் சென்றதன்று. 1923-இல் உக்ரைனில் பிறந்தவர். சோவியத் ஆட்சியை எதிர்த்து நின்று பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர். பிற்காலத்தில் யூதர்க்கு எதிரானவை என்று பலராலும் கண்டிக்கப்பட்ட அரசியல் எழுத்துகளை வெளியிட்டவர். அவற்றின் பொருட்டு 1992-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினர் பதவியினின்றும் விலகுமாறு கேட்டுக்கொண்டது. அவர் 2017-இல் மறைந்தார். எபிரேய எழுத்தின் வழிவந்ததாகக் கருதப்படும் 'ஷா' அவரைக் குறித்து நிற்பது காலத்தின் விளையாட்டு. கணிதரோ அவர் அரசியலைக் கண்டித்தனர், எழுத்தை நீக்கவில்லை.

அவருக்கும் தமிழர் ஒருவருக்கும் இருந்த தொடர்பை இங்கே சொல்வது என் கடமை. பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து ஷஃபரேவிச் ஆற்றிய விரிவுரைகள் 1966-இல் நூலாயின. அவற்றைக் கேட்டுக் குறிப்பெடுத்து நூலாக்கியவர் சென்னையிற் பிறந்து, லயோலா கல்லூரியிற் பயின்ற சி.பி. இராமானுஜம். அவர் பிழைகளைத் திருத்தியதோடு அமையாமல், தாம் நிறுவாமல் சொல்லிச் சென்ற பலவற்றுக்கு நிறுவலும் எழுதி நிறைவு செய்தார் என்று ஷஃபரேவிச்சே பாராட்டி எழுதினார். 'ஷா' குலம் எவற்றின்மேல் அமைகிறதோ, அந்த அபீலிய வெளிகளைப் பற்றி மம்ஃபோர்டு என்னும் அமெரிக்க அறிஞர் அதே நிலையத்தில் ஆற்றிய விரிவுரைகளும் இராமானுஜத்தின் துணையாலேயே 1970-இல் நூலாயின. அத்துறையில் இன்றும் அதுவே மூலநூல் போல் பயிலப்படுகின்றது. இராமானுஜம் 1974-இல், 36-ஆம் வயதில் மறைந்தார். பெரிய இராமானுஜனின் புகழ் ஒளியில் இச்சிறிய இராமானுஜம் நம்மவர்க்குத் தெரியாமற் போனது வருத்தத்துக்குரியது. பம்பாய்த் தமிழர் மாநாடுகளிலேனும் அவர் பெயர் ஒலிக்கவேண்டும்.

'ஷா'வுக்கு வேறு பணிகளும் வாய்த்தன. வானொலி வானியல் அறிஞர் பிரேஸ்வெல் 1965-இல் வெளியிட்ட நூலில், சம இடைவெளியில் நிற்கும் துடிப்புகளின் வரிசைக்கு அவ்வுருவையே குறியாக்கினார். இங்கே எவர் பெயரும் இல்லை. சீப்புப் போன்ற தோற்றமே காரணம். இரு சீட்டுக்கட்டுகளைக் கலைத்துச் சேர்ப்பது போன்ற ஒரு பெருக்கலுக்கும் அதே வடிவம் வழங்குகிறது. லோபசேவ்ஸ்கியின் பெயர் பெற்ற சார்பை அமெரிக்கர் மில்னர் ருஷிய 'எல்' எழுத்தாற் குறித்தார். ஆனால் அவ்வெழுத்து கிரேக்க லாம்டாவின் உடன்பிறப்பு போலிருத்தலால், பலர் அதை லாம்டா என்றே படிப்பர், எழுதுவோரும் உண்டு. உருவம் தனித்து நில்லாத எழுத்துக்கு நேரும் கதி இதுவே.

ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்தது. 1977-இல் தம் நூலின் புதிய பதிப்புக்குப் புகைப்பட அச்சில் வந்த மெய்ப்பைக் கண்டு மனம் நொந்த நூத் என்னும் பேராசிரியர், கணிதம் கோப்பதற்கென்றே 'டெக்' என்னும் நிரலை இயற்றத் தொடங்கினார். அமெரிக்கக் கணிதக் கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1940 முதல் அக்கழகம் உலகின் கணித ஆய்வுகளையெல்லாம் மதிப்புரை செய்யும் இதழ் ஒன்றை நடத்திவருவதால், ருஷிய நூல்களின் தலைப்பை அச்சிட அதற்குச் சிரில்லிக் எழுத்து வேண்டியிருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான எழுத்துரு 1980-களில் அத்தேவையை நிறைவேற்றியது. அதன் அமைப்பு வியப்புக்குரியது. ஆங்கிலத் தட்டில் 'எஸ்', 'எச்' என்று அடுத்தடுத்துத் தட்டினால் அவை இணைந்து 'ஷா' ஆகிவிடும். நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கின்றார்களே, அதைப் போன்றதுதான். நூற்பட்டியல்களுக்காகச் செய்யப்பட்ட அவ்வெழுத்துருவிலிருந்து 'ஷா'வை மட்டும் எடுத்துச் சூத்திரத்தில் வைத்துக்கொண்டனர் எண்ணியலார். முன்பு அச்சுக் கோப்பவர் தனியே வார்த்துச் செருகியதை, இப்போது ஆசிரியரே இரண்டு வரிக் கட்டளையால் செய்துகொள்கிறார். நூத் தம் நூலின் பெயரடைவில் ருஷிய அறிஞர்களின் பெயரை அவர்தம் எழுத்திலேயே உடன் அச்சிடும் வழக்கத்தையும் மேற்கொண்டார்.

'ஷா'வின் பொருள் இன்னும் முழுமையாக அறியப்படவில்லை. அக்குலம் எப்பொழுதும் முடிவுள்ளதுதானா என்பது நிறுவப்படவில்லை. 1980-களின் இறுதியில் ரூபினும் கோலிவாகினும் சில வகை வளைவரைகளுக்கு மட்டும் நிறுவிக் காட்டினர். அதன் அளவு இடம்பெறும் பர்ச்–ஸ்வின்னர்டன்-டயர் ஊகத்துக்கு, 2000-ஆம் ஆண்டில் கிளே நிறுவனம் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்றுவரை அதைப் பெற்றவர் எவரும் இலர்.

உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வரிசைப்படுத்தும் யூனிகோடு ஏற்பாட்டில், கணித ஆலெஃபுக்கு எபிரேய ஆலெஃபினின்றும் வேறாகத் தனி எண் உண்டு. 2001-இல் இலத்தீன், கிரேக்க எழுத்துகளின் கணித வடிவங்களுக்கென்று ஒரு பெரும்பகுதியே அதில் ஒதுக்கப்பட்டது. எண்ணியலாரின் 'ஷா'வுக்கு அங்கே தனி இடம் தரப்படவில்லை. மாஸ்கோ நாளிதழின் தலைப்பிலும், பள்ளிச் சிறுவனின் முதற்பாட நூலிலும் நிற்கும் அதே 'ஷா'தான், அதே எண்ணைத் தாங்கி, சூத்திரத்திலும் நிற்கின்றது.